ஊர் திரும்ப யாரிடம் அனுமதி?

2009 ஏப்ரல் 3-ம் தேதி. சூடான் தலைநகர் கார்ட்டூமிலிருந்து புறப்படும் விமானத்தில் அபூசுஃபியான் அப்தெல்ராசிக் பெயரில் ஓர் இருக்கை பதிவாகியிருந்தது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது அவர் அல்ல. கனடாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் அவரை முன்பின் அறியாதவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கித் தந்தார்கள். அவருக்குப் பண உதவி செய்வதே அன்றைய கனடா சட்டப்படி குற்றம். வழக்குப் போட்டால் போடட்டும் என்று துணிந்து, வெளிப்படையாகவே கொடுத்தார்கள்.

விமானம் கிளம்பச் சில மணி நேரமே இருந்தபோது அவருடைய வழக்கறிஞருக்கு அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவசர பாஸ்போர்ட் கேட்ட விண்ணப்பத்தை வெளியுறவு அமைச்சர் நிராகரித்துவிட்டார் என்றது கடிதம். எந்த விதியின் கீழ் என்று அதில் இருந்தது. என்ன காரணத்துக்காக என்று இல்லை. விமானம் அவர் இல்லாமலே போனது.

அப்தெல்ராசிக் அப்போது தங்கியிருந்தது கார்ட்டூமில் உள்ள கனடா தூதரகத்துக்குள். முந்தைய ஆண்டு ஏப்ரல் 29-ல் அடைக்கலம் தேடி உள்ளே போனவர். வெளியே வந்தால் சூடான் போலீஸ் மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் அவருக்கு. ஏற்கெனவே இரண்டு முறை சிறை. அங்கே சித்திரவதை செய்தார்கள் என்பது அவர் வாக்குமூலம். பதினான்கு மாதங்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே படுத்து எழுந்தார். வாசலில் பறப்பது அவருடைய நாட்டுக் கொடி. உள்ளே வேலை பார்ப்பவர்கள் அவருடைய நாட்டு அதிகாரிகள். அவர் விசா கேட்டு வந்தவரும் இல்லை, புகலிடம் கேட்டு வந்தவரும் இல்லை. கனடாவின் குடிமகன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்.

பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் ஒரு குடிமகன் வீடு திரும்புவதை அரசு தடுக்கலாமா என்ற கேள்வி கடந்த இருபது ஆண்டுகளில் லண்டன், ஒட்டாவா, கான்பெரா, வாஷிங்டன் என்று பல தலைநகரங்களின் நீதிமன்றங்களுக்கு வந்திருக்கிறது. அவற்றில் அப்தெல்ராசிக்கின் வழக்கிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. ஒரு மனிதனை நாட்டுக்கு வெளியே நிறுத்திவைக்க எந்தத் தீர்ப்பும் தேவையில்லை, ஒரு தாளைக் கொடுக்காமல் இருந்தாலே போதும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய வழக்கை நான் படித்ததில்லை.

அம்மாவைப் பார்க்கப் போனவர்

சூடானில் பிறந்த அப்தெல்ராசிக் 1990-ல் கனடாவுக்கு அகதியாக வந்தவர். 1995-ல் குடியுரிமை கிடைத்தது. மான்ட்ரியலில் வசித்தார், பிள்ளைகள் அங்கே. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தைத் தகர்க்க வெடிபொருளோடு கிளம்பி 1999 டிசம்பரில் அமெரிக்க எல்லையில் பிடிபட்ட அகமது ரெஸ்ஸாம், மான்ட்ரியலில் அவருக்கு அறிமுகமானவர். ரெஸ்ஸாம் மீதான விசாரணையில் அப்தெல்ராசிக் சாட்சியும் சொன்னார். கனடாவின் உளவு அமைப்பான சி.எஸ்.ஐ.எஸ். அவரைக் கவனிக்கத் தொடங்கியதற்கு இந்தப் பழக்கங்கள் காரணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தேகப்படுவது உளவு அமைப்பின் வேலை.

2003-ல் உடல்நலமில்லாத தாயைப் பார்க்க சூடானுக்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் கைது. சிறையில் இருக்கும்போதே கனடா அதிகாரிகள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். சிறையிலேயே பாஸ்போர்ட்டும் காலாவதியானது. 2004-ல் விடுதலை, 2005-ல் மீண்டும் கைது, 2006-ல் மீண்டும் விடுதலை. இடையில் சூடானின் நீதித் துறையே அவருக்கு அல்-காய்தாவோடு தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்தது. 2006 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1267 குழு, அல்-காய்தா தொடர்புடையோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் சொத்து முடங்கும், வெளிநாட்டுப் பயணம் முடங்கும்.

அவருக்குத் தெரிந்த வழிகள் எல்லாவற்றிலும் முட்டிப் பார்த்தார். 2007 நவம்பரில் கனடாவின் தேசியக் காவல்துறையும் சி.எஸ்.ஐ.எஸ்.ஸும் அவரைக் குற்றத்தோடு தொடர்புபடுத்தத் தங்களிடம் தற்போது உருப்படியான தகவல் எதுவும் இல்லை என்று எழுத்திலேயே தெரிவித்தன. கனடா அரசே அவர் பெயரை நீக்கும்படி ஐ.நா. குழுவிடம் கேட்டது. பதினைந்து உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்கவில்லை. மறுத்தது யார், ஏன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அரசின் பேச்சு மாறிக்கொண்டே இருந்ததைக் கவனியுங்கள். விமான நிறுவனங்கள் ஏற்ற மறுக்கின்றன என்றார்கள் முதலில். பிறகு, உறுதிசெய்த டிக்கெட் இருந்தால் அவசர பாஸ்போர்ட் தருகிறோம் என்று 2008 டிசம்பரில் எழுதினார்கள். டிக்கெட் வாங்க அவரிடம் பணம் இல்லை என்பதும், வேறு யாரும் வாங்கித் தந்தால் அது குற்றம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் குற்றத்தைச் செய்ய நூறு பேர் முன்வருவார்கள் என்பதை மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. டிக்கெட் வந்ததும், அவர் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று புதிதாகச் சொன்னார்கள்.

நம் ஊரில் ரேஷன் கார்டுக்கோ பட்டாவுக்கோ அலைந்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான். "முடியாது" என்று யாரும் சொல்வதில்லை. இந்தத் தாளைக் கொண்டு வா, அந்தக் கையெழுத்தை வாங்கி வா, நாளைக்கு வா. அந்த நாளைக்கு என்பது இவருக்கு ஆறு ஆண்டுகள்.

லண்டனில் எழுதிய சட்டம்

கனடாவில் நிர்வாகம் ஓசையில்லாமல் செய்ததை பிரிட்டன் சட்டமாகவே எழுதியது. 2014 கோடையில் ஐ.எஸ். அமைப்பு ஈராக்கிலும் சிரியாவிலும் நகரம் நகரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்தறுக்கும் காணொளிகளில் லண்டன் வாடை வீசும் ஆங்கிலம் கேட்டது. செப்டம்பர் 1-ம் தேதி பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அங்கே போய்ப் போரிட்ட பிரிட்டிஷ்காரர்கள் திரும்புவதைத் தடுக்க அதிகாரம் வேண்டும் என்றார். அவருடைய கட்சியைச் சேர்ந்தவரும் சில வாரங்களுக்கு முன்புவரை அட்டர்னி ஜெனரலாக இருந்தவருமான டொமினிக் கிரீவ், குடிமகனை வெளியே நிறுத்துவது சர்வதேசச் சட்டத்துக்கு மட்டுமல்ல, நம்முடைய பொதுச் சட்ட மரபுக்கே விரோதம் என்று அவையிலேயே எச்சரித்தார்.

எச்சரிக்கைக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. 2015 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டத்தில் முழுத் தடை இல்லை. அதற்குப் பதில் 'தற்காலிக விலக்கு ஆணை' என்று ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிரிட்டிஷ் குடிமகன் பயங்கரவாதம் சார்ந்த செயலில் ஈடுபட்டதாக உள்துறை அமைச்சர் நியாயமாகச் சந்தேகித்தால் ஆணை போடலாம். அந்த நிமிடத்தில் பாஸ்போர்ட் செல்லாததாகிவிடும். நாட்டுக்குள் வர 'திரும்புவதற்கான அனுமதி' வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், அழைத்தால் அதிகாரிகள் முன் நேர்காணலுக்கு வர வேண்டும், அவர்கள் சொல்லும் வழியில் சொல்லும் தேதியில் பயணிக்க வேண்டும். அனுமதியில்லாமல் சொந்த நாட்டுக்குள் காலெடுத்து வைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆணை இரண்டு ஆண்டு நீடிக்கும். முடிந்ததும் இன்னொன்று போடலாம்.

நீதிமன்றம் இல்லையா என்று கேட்கலாம். மேலவையின் நெருக்கடியால் சேர்த்தார்கள். ஆணை போடும் முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆனால் சம்பந்தப்பட்டவருக்குத் தகவலே சொல்லாமல், அவர் இல்லாமலே நீதிமன்றம் முடிவெடுக்கலாம். அமைச்சரின் முடிவு வெளிப்படையாகவே பிசகானது என்று தோன்றினால் மட்டுமே நீதிபதி மறுக்க முடியும். அமைச்சர் வைக்கும் ஆவணங்களை மட்டும் பார்த்து, எதிர்த்தரப்பு இல்லாத ஓர் அறையில், ஒரு பிசகு எப்படி வெளிப்படையாகத் தெரியும்?

வந்து சேர்ந்த பிறகும் முடிவதில்லை. காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், அரசு நியமிக்கும் வழிகாட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும், எங்கே தங்குகிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நீதிமன்ற ஏடுகளில் 'கியூ.எக்ஸ்.' என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒருவர் இந்த நிபந்தனைகளை எதிர்த்தார். தன்மேல் உள்ள குற்றச்சாட்டின் சாரமாவது தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும் என்பது அவர் வாதம். நியாயமான விசாரணைக்கான உரிமை இங்கேயும் பொருந்தும் என்று 2020-ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதை ஒப்புக்கொள்ளவைக்க ஒரு வழக்கு தேவைப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பயம் பொய்யல்ல

இந்தச் சட்டங்களை ஆதரிப்பவர்களின் பயம் கற்பனை இல்லை. 2015 நவம்பர் 13-ம் தேதி பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். அதை நடத்தியவர்களில் சிரியாவுக்குப் போய்த் திரும்பிய ஐரோப்பியக் குடிமக்கள் இருந்தார்கள். 2017 மே 22-ல் மான்செஸ்டர் இசை நிகழ்ச்சியில் 22 பேரைக் கொன்ற சல்மான் அபேதி மான்செஸ்டரிலேயே பிறந்தவன். நான்கு நாள் முன்புதான் லிபியாவிலிருந்து திரும்பியிருந்தான். அங்கே இறந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் உண்டு. அந்தப் பெற்றோரிடம் போய் உரிமைச் சாசனம் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் மான்செஸ்டர் சம்பவத்தைத் துருவி ஆராய்ந்த விசாரணை ஆணையம் 2023 மார்ச்சில் என்ன சொன்னது? உளவு அமைப்பான எம்.ஐ.5-க்கு முன்கூட்டியே கிடைத்த தகவலின் மீது உரிய வேகத்தில் நடவடிக்கை இல்லை, தாக்குதலைத் தடுத்திருக்கக்கூடிய முக்கியமான வாய்ப்பு தவறிப்போனது என்றது. விலக்கு ஆணைச் சட்டம் அப்போது இரண்டு ஆண்டுகளாக நடப்பில் இருந்தது. கையில் கிடைத்த தகவலைச் சரியாகப் படித்திருந்தால் விமான நிலையத்திலேயே அவனை நிறுத்திச் சோதித்திருக்கலாம். விழிப்பு தவறிய இடத்தில் அதிகாரத்தைக் கூட்டி என்ன பயன்?

திரும்பி வருபவன் குற்றவாளி என்று ஆதாரம் இருந்தால் வாசலிலேயே கைது செய்யலாம். நீதிமன்றத்தில் நிறுத்தலாம், தண்டிக்கலாம். வெளியே நிறுத்திவைத்தால் அவன் இன்னொரு நாட்டின் தலைவலியாகிறான், அல்லது யார் கண்ணிலும் படாமல் மறைகிறான். சிரியாவில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் நியாயம் கிடைப்பதில்லை. இதைச் சொல்பவர்கள் மனித உரிமைக்காரர்கள் மட்டும் இல்லை. நாடாளுமன்ற மனித உரிமைக் கூட்டுக் குழுவும் 2015 ஜனவரியிலேயே, விலக்க வேண்டாம், வருவதை முன்கூட்டித் தெரிவிக்கச் செய்து கண்காணிப்பில் வரவழையுங்கள் என்றுதான் பரிந்துரைத்தது.

குடியுரிமையே இல்லை என்றால்

விலக்கு ஆணையாவது கடைசியில் கதவைத் திறக்கிறது. குடியுரிமைப் பறிப்பு கதவையே பெயர்த்து எடுத்துவிடுகிறது.

ஷமீமா பேகம் கதை உலகம் அறிந்தது. கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனிலிருந்து 2015 பிப்ரவரியில் இரண்டு பள்ளித் தோழிகளோடு சிரியாவுக்குப் போனபோது வயது 15. போனதும் ஓர் ஐ.எஸ். போராளிக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். 2019 பிப்ரவரியில் அல்-ஹோல் முகாமில் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டபோது நிறைமாதக் கர்ப்பிணி. அதற்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் இறந்திருந்தன. ஊர் திரும்ப வேண்டும் என்றார். போனதற்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் பிரிட்டனைக் கொதிக்கவைத்தது. சில நாட்களில், பிப்ரவரி 19-ல், உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் அவருடைய குடியுரிமையைப் பறித்தார். பிறப்பிலேயே குடியுரிமை பெற்றவரை நாடற்றவராக்க இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது. எனவே பெற்றோர் வழியில் அவர் வங்கதேசக் குடிமகள் என்றது அரசு. அவர் அங்கே வாழ்ந்ததே இல்லை. தங்கள் குடிமகள் இல்லை என்று வங்கதேசம் கைவிரித்தது.

பறிப்புக்குச் சற்று முன் பிறந்த ஆண் குழந்தை சட்டப்படி பிரிட்டிஷ் குடிமகன். மூன்று வாரம்கூட நிறையாமல், மார்ச் மாதம், நுரையீரல் அழற்சியில் சிரியாவிலேயே இறந்தது.

மேல்முறையீடு செய்ய நேரில் வர அனுமதி வேண்டும் என்று கேட்டார். சரி என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2020 ஜூலையில். கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 2021 பிப்ரவரியில்; வழக்கில் உரிய முறையில் பங்கெடுக்கும் நிலை வரும்வரை வழக்கு காத்திருக்கலாம் என்றது. முகாமில் அடைபட்டவருக்கு அந்த நிலை எப்போது வரும் என்று சொல்லவில்லை. பிறகு அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. பாலியல் சுரண்டலுக்காகக் கடத்திச் செல்லப்பட்டவர் என்று நம்பத்தக்க சந்தேகம் உண்டு என்று 2023-ல் சிறப்புத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் முடிவு அமைச்சருடையது என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. இவரைப் போல வீட்டை விட்டுப் போனவர்களில், தாத்தா பாட்டி காலத்திலிருந்து இங்கிலாந்தைத் தவிர வேறு எங்கும் வேர் இல்லாத ஒரு பெண் இருந்தால் அவளிடமிருந்து குடியுரிமையைப் பறிக்க முடியாது. புலம்பெயர்ந்தவர் மகள் என்பதால் இவரிடமிருந்து முடிந்தது. 2016-ல் பொதுநலன் என்ற காரணத்தால் 14 பேரின் குடியுரிமை பறிபோனது. 2017-ல் 104 பேர். 2022-ல் வந்த திருத்தம், சில சூழல்களில் முன்னறிவிப்பே இல்லாமல் பறிக்கலாம் என்றது. கடல் கடந்து பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். பிரிட்டனில் பிறந்த பிள்ளைக்கு அந்த நாடு தரும் குடியுரிமை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளையின் குடியுரிமையைப் போல் உறுதியானது இல்லை.

ஆஸ்திரேலியா 2019-ல் பிரிட்டனைப் பார்த்து எழுதிய சட்டத்தில் 14 வயதுப் பிள்ளைக்கும் விலக்கு ஆணை போடலாம். குடியுரிமைப் பறிப்பில் மட்டும் அங்கே கடிவாளம் விழுந்தது. 2022 ஜூனில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அது தண்டனை, தண்டனை தருவது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சரின் வேலை அல்ல என்று அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. ஒரு முறை குடிமகனை வெளியே நிறுத்தப் பழகிய அரசு அதை வேறு காரணங்களுக்கும் செய்யும் என்பதை 2021 மே மாதம் நாமே பார்த்தோம். பயங்கரவாதம் இல்லை, கொரோனா. இந்தியாவிலிருந்து வரும் ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம் என்று உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உத்தரவு. இங்கே சிக்கியிருந்தவர்கள் சுமார் 9,000 பேர். மே 15 வரைதான் நீடித்தது என்றாலும், ஆக்சிஜனுக்கு ஊரே தவித்த அந்த நாட்களில் அவர்களைத் திரும்பி வராதே என்றது அவர்கள் வரி கட்டும் அரசு.

அமெரிக்கா சட்டம்கூட எழுதவில்லை. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. விமானத்தில் ஏற்றக் கூடாதவர்களின் பட்டியல். ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த யோனஸ் ஃபிக்ரே 2010-ல் தங்கியிருந்தது அதே கார்ட்டூமில். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவரை அமெரிக்கத் தூதரகத்துக்கு வரவழைத்து, உன் பெயர் பட்டியலில் இருக்கிறது, உன் பள்ளிவாசலைப் பற்றித் துப்புக் கொடுத்தால் நீக்க உதவுகிறோம் என்றார்கள் என்பது அவர் புகார். அவர் மறுத்தார். ஊர் திரும்ப 2015 ஆனது. 2016-ல் காரணம் சொல்லாமல் பெயரை நீக்கிவிட்டு, நீக்கியாயிற்றே, வழக்கு எதற்கு என்றது அரசு. அப்படி நழுவ முடியாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்.

நீதிபதி ஜின்

பழைய அரசர்கள் நாடு கடத்தினால் முரசறைந்து சொன்னார்கள். யாரை, எதற்காக என்று ஊருக்குத் தெரிந்தது. 1215-ல் இங்கிலாந்து அரசரிடம் பிரபுக்கள் வாங்கிய மாக்னா கார்ட்டாவில், நாட்டைவிட்டுப் போகவும் பத்திரமாகத் திரும்பவும் உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருந்தது. அடுத்த ஆண்டே, மறுபடி வெளியிட்டபோது, அதைக் கழற்றிவிட்டார்கள். 1948-ன் மனித உரிமைப் பிரகடனம் பதின்மூன்றாம் பிரிவில் அதைத் திரும்ப எழுதியது. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கை, தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கலாகாது என்கிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் நான்காம் நெறிமுறை இன்னும் கறாரானது. பிரிட்டன் அதில் 1963-ல் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

கனடாவின் உரிமைச் சாசனம், ஒவ்வொரு குடிமகனுக்கும் கனடாவுக்குள் நுழைய, தங்க, வெளியேற உரிமை உண்டு என்று ஆறாம் பிரிவில் சொல்கிறது. அப்தெல்ராசிக்கின் வழக்கறிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐ.நா. தீர்மானத்திலேயே, எந்த நாடும் தன் சொந்தக் குடிமகனை உள்ளே விட மறுக்கத் தேவையில்லை என்று விலக்கு இருந்தது. அரசு அதற்குச் சொன்ன பதில் விசித்திரமானது. அந்த விலக்கு, கனடா எல்லையில் வந்து நிற்பவருக்குத்தான். கார்ட்டூமிலிருந்து வர வேண்டுமானால் மற்ற நாடுகளின் வான்வெளியைக் கடக்க வேண்டும், அதற்கு விலக்கு இல்லை. அப்படியானால் அவர் எந்த வழியாக எல்லைக்கு வந்து நிற்பார் என்பதற்கு அரசிடம் பதில் இல்லை.

2009 ஜூன் 4-ல் நீதிபதி ரஸ்ஸல் ஜின் தீர்ப்பளித்தார். அந்த வாதத்தை அர்த்தமற்றது என்று ஒதுக்கினார். சூடானில் நடந்த கைதுக்கு சி.எஸ்.ஐ.எஸ். உடந்தை என்று கண்டார். ஐ.நா. பட்டியல் முறையில் குற்றம் சாட்டுபவரே நீதிபதியாகவும் இருக்கிறார், எதைச் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் ஒருவர் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். முப்பது நாட்களுக்குள் அரசே அவரை அழைத்துவர வேண்டும் என்றார்.

உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. பாஸ்போர்ட் கொடுத்துவிட்டோம், டிக்கெட் போட்டுவிட்டோம் என்று அரசு தாக்கல் செய்யும் காகிதத்தை அந்த நீதிபதி போதுமானதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை 7-ம் தேதி, மான்ட்ரியலில், நீதிமன்றத்தில், அப்தெல்ராசிக் தன் முன் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று தேதி குறித்தார். ஜூன் 27-ல், அதிகாரிகள் உடன்வர, அப்தெல்ராசிக் டொராண்டோவில் விமானத்திலிருந்து இறங்கினார்.